கடலடிச் சேற்றுக்கு அணைச் சேற்றுக் கணக்கு உதவாது

கோடையில் கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் இறங்கினால், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் சிவில், ஜியாலஜி படிக்கும் பிள்ளைகளுக்குச் சோதித்துப் பழக வண்டல் தாராளமாகக் கிடைக்கும். அந்த அணை நிற்கும் தென்பெண்ணை ஆறு கடலூர் அருகே கடலில்தான் கலக்கிறது, அங்கே கிடப்பதும் இதே களிதானே என்று அதே முறையைக் கடலடிச் சேற்றுக்கும் வைத்தால்தான் வம்பு. உப்பை மறந்துவிடுகிறோம்.

ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் சேறு ஓவனில் 105 டிகிரியில் உலர்ந்து 50 கிராம் மிஞ்சினால், போன நீரை உலர்ந்த மண்ணால் வகுக்க, அணைச் சேற்றுக்கு ஈரப்பதம் 100 சதவீதம், கணக்கு முடிந்தது. கடல் சேற்றில் நீர் போனாலும் உப்பு தட்டிலேயே தங்கிவிடும். கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்று வைத்தால், மிஞ்சியதில் 1.8 கிராம் உப்பு. அதை மண்ணிலிருந்து கழித்து நீரோடு சேர்த்தால், 51.8-ஐ 48.2-ஆல் வகுக்க வேண்டும். 107 சதவீதத்தைத் தாண்டிவிடும். திருத்தம் செய்ததை ஏட்டில் குறிக்காமல் விடுவது இன்னும் மோசம். அடுத்து வருபவர் இன்னொரு முறை திருத்திவிடுவார்.

துகள்கள் நீரில் இறங்கும் வேகத்தை வைத்து அவற்றின் பருமனைக் கணக்கிடும் ஹைட்ரோமீட்டர் சோதனையிலும் இதே வில்லன்தான். உப்பு இருந்தால் களித்துகள்கள் திரண்டு மளமளவென்று இறங்கும். துகள் பருமன் கூடுதலாகத் தெரியும். உப்பைக் கழுவிய பிறகே, துகள்களைத் திரளாமல் பிரித்து வைக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் சேர்க்கவும். ஜாடியில் பஞ்சுபஞ்சாக இறங்கி, மேலே சீக்கிரம் தெளிந்துவிட்டால், ரீடிங் எடுப்பதே வீண்.

களியில் தகடுகளைச் செருகித் திருகி வலிமை பார்க்கும் வேன் ஷியரை அவசரமாகத் திருகினால் அந்த வலிமை கூடுதலாகக் காட்டும். வேகத்தை மாற்றாதீர்கள், அதைக் குறித்தும் வையுங்கள். மணலில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நானாக இருந்தால் ஏட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவேன்.

அப்புறம், கருவியைக் குறை சொல்வதற்கு முன் கோர், அதாவது கடலடியில் குழாயை இறக்கி எடுக்கும் சேற்றுத் தூண், எப்படி வந்தது என்று பாருங்கள். தன் எடையாலேயே சேற்றில் புதையும் கிராவிட்டி கோரர் வேகமாக இறங்கும்போது முன்னால் தள்ளப்படும் நீர், மேலாக இருக்கும் இளஞ்சேற்றைக் கலைத்துவிடும். குழாய்க்குள் உராய்வு கூடினால், குழாய் 3 மீட்டர் புதைந்திருந்தாலும் உள்ளே அத்தனை சேறு ஏறியிருக்காது. கோரின் 1 மீட்டரைக் கடலடியின் 1 மீட்டர் என்று எழுதிவிடக் கூடாது. குழாயின் வெளிப்புறத்தில் சேறு எதுவரை ஒட்டியிருக்கிறது என்பதை, கப்பல் தளத்தில் கழுவுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். மேலடுக்குதான் வேண்டுமென்றால், அதை அதிகம் கலைக்காமல் எடுக்கும் பாக்ஸ் கோரரோ மல்டி கோரரோ கேளுங்கள்.

ஒலி வேகம் பார்ப்பவர்கள் குளிரறையிலிருந்து எடுத்த கோரை உடனே கருவியில் ஏற்ற வேண்டாம். 4 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் இடையே கடல்நீரிலேயே ஒலி வேகம் நொடிக்கு 60 மீட்டருக்கு மேல் மாறும். அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து, கோரின் வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.