கடைக்கு இணையதளம்: விலையைப் பிரித்துக் கேட்ட என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் பூசைப் பொருள் கடைக்கு இணையதளம் அமைக்க விலை கேட்டபோது, ஒரு நிறுவனம் விவரம் எதுவுமின்றி ஒரே மொத்தத் தொகையை எழுதி அனுப்பியது. அதை வகைவாரியாகப் பிரித்துத் தரச் சொன்னேன். தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்க உதவும் பாதுகாப்புச் சான்றிதழுக்கென்று ஆண்டுக் கட்டணம் போட்டிருந்தார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, தளத்தை அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கும் விலை இல்லை. சில நூறு ராண்டுக்குள் ஓராண்டுக்குப் பதிவு செய்யக்கூடிய தள முகவரியை அவர்கள் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ள இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது, ஏனெனில் முகவரி யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் கடையின் அடையாளம் இருக்கும். அதை எங்கள் பெயரில் நாங்களே பதிவு செய்துகொண்டோம். 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி தொகைக்குள் அடங்கும் என்பதையும் எழுத்தில் வாங்கினோம்.

உழைப்புக்கான கூலியை மட்டும் நான் குறைக்கக் கேட்கவில்லை. கற்பூரப் பொட்டலத்துக்கும் கனமான பித்தளைக் குத்துவிளக்குக்கும் அனுப்பும் செலவு வேறு வேறு. எடை பார்த்து அதைத் தானே கணக்கிடும்படி அமைப்பதும், அட்டை வழியாகப் பணம் பெறும் வசதியைச் சோதித்துப் பார்ப்பதும் நாள் பிடிக்கும் வேலைகள். மிச்சப்பட்ட பணத்தை மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒதுக்கினோம்.