பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் மாலுமிக்கு எந்தெந்தப் போர்ப் பதக்கம் சேரும்? கண்டுபிடிக்கும் வழி

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் ஓடியவர்களுக்குப் பதக்கம் தானாக வீட்டுக்கு வந்துவிடவில்லை. போர் முடிந்தபின் அவர்களே எழுதிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, நிறையப் பேர் கேட்கவே இல்லை. தேடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்: லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பிடி 395 (BT 395) என்ற ஆவணத் தொடரில் பெயரைப் போட்டுப் பார்ப்பார்கள், ஒன்றும் வராது, உடனே அவருக்குப் பதக்கமே கிடையாது என்று மூடிவிடுவார்கள். ஆனால் அதில் இருப்பது விண்ணப்பித்து வாங்கியவர்களின் பதிவு மட்டும்தான்.

பெயர் இல்லையென்றால் அவர் ஓடிய கப்பல்களைப் பிடிக்க வேண்டும். மாலுமி ஓடிய கப்பல்களும் தேதிகளும் பதிவான டிஸ்சார்ஜ் புக் வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையா, பிடி 382 தொடரில் 1941 முதலான பணி அட்டைகளைப் பாருங்கள். எந்தக் கப்பலில் எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று இருக்கும். இந்திய மாலுமிகளின் அட்டைகள் தனிப் பிரிவாக இருக்கின்றன, பெயரை அந்தக் கால எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால் நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். அப்புறம் பிடி 389. கப்பல் எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் நின்றது என்பது அதில் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து நாட்களை எண்ணுவதுதான் உண்மையான வேலை, பொறுமை வேண்டும்.

எண்ணும்போது வரிசை முக்கியம். ஸ்டார் என்பது நட்சத்திர வடிவப் போர்ப் பதக்கம். 1939-45 ஸ்டாருக்கு ஆறு மாதக் கடல் பணி, அதில் ஒரு பயணமாவது போர் நடந்த கடல்பகுதி வழியாகப் போயிருக்க வேண்டும். அட்லாண்டிக் ஸ்டாருக்கு, 1939-45 ஸ்டாரை வாங்கத் தகுதி வந்த பிறகு இன்னும் ஆறு மாதம். அதனால் எட்டு மாதம் அட்லாண்டிக்கிலேயே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவருக்குப் பொதுவாக முதல் ஸ்டார் மட்டும்தான். அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் விதி அப்படி. வங்காள விரிகுடாவில் 1941 டிசம்பர் 11க்குப் பின் ஓடியிருந்தால் பர்மா ஸ்டாரைப் பாருங்கள். பர்மா, பசிபிக் இரண்டுக்கும் தகுதி இருந்தாலும் ஸ்டார் ஒன்றுதான், மற்றது ரிப்பனில் கிளாஸ்பாக, அதாவது பெயர் போட்ட சிறிய உலோகப் பட்டையாக வரும். 28 நாள் பணிக்கு வார் மெடல். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டு போயிருந்தால் ஆர்க்டிக் ஸ்டார். அதைக் கொடுக்க ஆரம்பித்ததே 2013இல்தான், எத்தனை நாள் என்ற கணக்கும் கிடையாது.

பழைய சாமான் கடையிலோ ஏலத்திலோ 'மாலுமியின் செட்' என்று விற்பதை நம்பி வாங்காதீர்கள். பிரிட்டன் இந்த ஸ்டார்களில் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது, யார் வேண்டுமானாலும் சேர்த்து வைக்கலாம். முதல் உலகப்போரின் மெர்க்கன்டைல் மரைன் பதக்கத்தில் விளிம்பில் பெயர் இருக்கும், அது வேறு கதை. வீட்டில் பதக்கம் வந்த அட்டைப்பெட்டியும் உள்ளே துண்டுச்சீட்டும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், எது எது வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. 'எம்.என்.' (மெர்ச்சன்ட் நேவி, அதாவது வணிகக் கப்பற்படை) என்று போட்ட சிறிய வெள்ளி நிற பேட்ஜ் பதக்கம் அல்ல, கரையில் இருக்கும்போது கோட்டில் குத்திக்கொள்வது.

வாங்காமல் விட்ட பதக்கத்துக்கு வாரிசு இன்றும் பிரிட்டன் அரசிடம் விண்ணப்பிக்கலாம். டிஸ்சார்ஜ் புக்கின் நகலையும் உறவைக் காட்டும் சான்றின் நகலையும் அனுப்புங்கள், மூலத்தைத் தபாலில் போடாதீர்கள்.