கூட்டத்துக்குள் உதவி வேண்டுமா? ஒருவரைப் பார்த்துக் கேளுங்கள்

கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் சுற்றிவரக் கூட்டம் நிற்கும். ஆனால் ஒருவரும் போனை எடுக்காமல் இருக்கலாம். ஈவிரக்கம் இல்லாததால் அல்ல. ‘வேறு யாராவது எடுத்திருப்பார்கள்’ என்று ஆளாளுக்கு நினைத்துவிடுகிறார்கள். உளவியலில் இதற்குப் பார்வையாளர் விளைவு என்று பெயர்.

1968இல் டார்லி, லதானே என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். வேறொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் இன்டர்கொம்மில் சத்தம் கேட்கும். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 வீதமானோர் அந்தச் சத்தம் ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேருக்குக் கேட்கிறது என்று நம்பியவர்களிலோ 31 வீதம்தான். எவ்வளவு பெரிய வித்தியாசம்!

அதனால் “யாராவது உதவி செய்யுங்கோ” என்று பொதுவாகக் கத்த வேண்டாம். ஒருவரின் முகத்தைப் பார்த்து, “நீலச் சேர்ட் அண்ணா, நீங்கள் 1990க்கு அடியுங்கோ. தங்கச்சி, நீங்கள் ஆட்களைக் கொஞ்சம் விலத்துங்கோ” என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள். சிங்களம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. “மல்லி” (தம்பி) என்று கூப்பிட்டு 1990 என்றாலே விளங்கும். அது இலவச அம்புலன்ஸ் சேவை. அழைப்பவரிடம் பக்கத்துக் கடையின் பெயரையும் வீதியையும் சொல்லிவிடுங்கள்.