வெளிமாநில எல்க் வேட்டை: டேக் குலுக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் மார்ச் கடைசியில், எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட ஆசைப்படும் ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு போன் வரும். ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. "அண்ணா, கொலராடோவில நாலு பாயின்ட் இருக்கு. எந்த யூனிட் போடலாம்?"

நான் திருப்பிக் கேட்பேன்: "துப்பாக்கியா, வில்லா? எத்தனை நாள் லீவு கிடைக்கும்? பத்தாயிரம் அடி உயரத்தில் முதுகுச் சுமையோடு எவ்வளவு தூரம் நடப்பாய்? கொம்பு பெரிதாக வேண்டுமா, இறைச்சி கிடைத்தால் போதுமா?" பெரும்பாலும் மறுமுனையில் சத்தமே இருக்காது. பெரிய தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. எந்த மாதிரி வேட்டை வேண்டும் என்று முடிவு செய்யாமல், கையில் இருக்கும் புள்ளியை வைத்துக்கொண்டு வேட்டையைத் தேடுகிறோம்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இருக்கும் டெக்சாஸில் நிலத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் தனியாருடையது. மான் வேட்டைக்குப் போகவே யாரிடமாவது இடத்தைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். கொலராடோ, வயோமிங், மொன்டானா போன்ற மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் காடும் புல்வெளியும் பரந்து கிடக்கின்றன, யாரும் நடக்கலாம். ஆனால் எந்தப் பகுதியில் (அதுதான் யூனிட்) எத்தனை எல்க், எத்தனை மியூல் மான் வேட்டையாடலாம் என்பதை அந்தந்த மாநில வனவிலங்குத் துறைதான் முடிவு செய்கிறது. அந்த அனுமதிச் சீட்டுதான் டேக். கேட்பவர்கள் அதிகம், டேக் குறைவு. அதனால் குலுக்கல். கிடைக்காதவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு புள்ளி, அதாவது பாயின்ட். அடுத்த வருடம் அந்தப் புள்ளி கை கொடுக்கும்.

வெளிமாநிலத்தவருக்குப் பங்கும் குறைவு, கட்டணமும் பல மடங்கு. இது அநியாயம் என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மொன்டானாவின் எல்க் கட்டணத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில், வெளியூர்க்காரர்களிடம் அதிகம் வாங்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதை ஏற்றுக்கொண்டுதான் நம் திட்டத்தைப் போட வேண்டும்.

புள்ளி சேர்ப்பது சீட்டுக் கட்டுவது மாதிரி இல்லை

நம்மில் பலர் முன்னுரிமைப் புள்ளியைச் சீட்டு மாதிரி நினைக்கிறோம். இருபது பேர் சேர்ந்து இருபது மாதம் சீட்டுக் கட்டினால், கடைசி ஆளுக்கும் ஒருநாள் பணம் வந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஒரு யூனிட்டில் வெளிமாநிலத்தவருக்கு வருடத்துக்கு 10 டேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் 300 பேர் நிற்கிறார்கள். மேலிருந்து வரிசையாகக் கொடுத்தாலும் உங்கள் முறை வர 30 வருடம். நீங்கள் வருடத்துக்கு ஒரு புள்ளி சேர்த்தால், முன்னால் நிற்பவர்களும் ஒன்று சேர்க்கிறார்கள். போன வருடம் 8 புள்ளிக்குக் கிடைத்தது இந்த வருடம் 9 கேட்கும், அடுத்த வருடம் 10 கேட்கும். துரத்தத் துரத்த எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகும். இதைப் பாயின்ட் க்ரீப் என்கிறார்கள். பழைய குலுக்கல் முடிவைப் பார்த்து, "ஏழு புள்ளி போதும், என்னிடம் ஏழு இருக்கிறது" என்று நம்புவது இதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது. ஒரு வருடக் கணக்கு போதாது. நான்கைந்து வருடக் கணக்கை அடுக்கி வைத்து, கோடு எவ்வளவு வேகமாக மேலே போகிறது என்று பாருங்கள்.

வரிசையில் நிற்கும்போதே விதி மாறுவதும் உண்டு. வயோமிங்கில் மூஸ் என்ற மிகப் பெரிய மான், பிக்ஹார்ன் என்ற காட்டு ஆடு, இவற்றின் டேக்குகளில் வெளிமாநிலத்தவரின் பங்கு 2023இலிருந்து 10 சதவீதமானது. அதற்கு முன் மூஸுக்கு 20, ஆட்டுக்கு 25. இருபது வருடத்துக்கு மேல் புள்ளி வாங்கியவர்களின் வரிசை ஒரே சட்டத்தில் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் நீண்டுவிட்டது. கொலராடோவில் 2025இலிருந்து வெளிமாநிலத்தவருக்கு அதிகபட்சம் 25 சதவீதம்தான். ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே, குலுக்கல் இல்லாமல் கடையிலேயே வாங்கிக்கொண்டிருந்த வில் வேட்டை எல்க் டேக்கும் அதே வருடம் அவர்களுக்குக் குலுக்கலுக்குள் போய்விட்டது. ஐடஹோவில் முந்துபவர்களுக்கு என்று விற்ற பொது மான், எல்க் டேக்குகள் 2026 பருவத்திலிருந்து குலுக்கலில்.

செலவையும் கூட்டிப் பாருங்கள். வயோமிங்கில் ஒரு எல்க் புள்ளி 52 டாலர். அரிசோனாவில் குலுக்கலில் பெயர் போடவே 160 டாலர் உரிமம் வேண்டும், விண்ணப்பத்துக்கு 15 டாலர் தனி. பத்து வருடம் போட்டால் 1,750 டாலர், ஒரு நாள்கூட மலை ஏறாமல். இரண்டு மூன்று புள்ளியில் கிடைக்கும் யூனிட்டுக்குப் போய், மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்க் கூவுவதைக் காதால் கேட்பவன், பதினைந்து வருடம் காத்திருந்தவனைவிட நல்ல வேட்டைக்காரனாக ஆகிறான். அபூர்வமான டேக் கையில் வரும்போது அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டுமே. நான் சொல்ல வருவதில் இதுதான் முக்கியம்: புள்ளியைச் செலவு செய்யுங்கள்.

எல்லா மாநிலமும் ஒரே கணக்கு என்று நினைப்பது

கொலராடோவில் எல்க், மானுக்கு முன்னுரிமைப் புள்ளி. அதிகம் வைத்திருப்பவருக்கு முதலில். வயோமிங்கில் வெளிமாநில எல்க் டேக்கில் 75 சதவீதம் அப்படிப் போகும், மீதி 25 சதவீதம் புள்ளி பார்க்காத குலுக்கல். நெவாடாவில் போனஸ் புள்ளி. அங்கே வரிசை கிடையாது, குடத்தில் உங்கள் பெயர் எத்தனை தரம் விழுகிறது என்பதுதான் கணக்கு. புள்ளியை வர்க்கம் எடுக்கிறார்கள்: ஐந்து புள்ளி என்றால் 25 சீட்டு, அதோடு இந்த வருட விண்ணப்பத்துக்கு ஒன்று. ஒரு புள்ளிக்காரருக்கும் அங்கே கிடைக்கலாம், பதினைந்து புள்ளிக்காரர் வெறுங்கையோடு திரும்பலாம். அரிசோனாவில் 20 சதவீத டேக் அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கு முதலில் போகும். நியூ மெக்சிகோவில் புள்ளியே இல்லை. 84 சதவீதம் உள்ளூர்க்காரர், 10 சதவீதம் வழிகாட்டி நிறுவனத்தோடு வருபவர், நமக்கு 6. வாய்ப்பு குறைவுதான், ஆனால் முதல் வருடம் போடுபவரும் இருபதாவது வருடம் போடுபவரும் அங்கே சமம். இன்று தொடங்குபவர் நியூ மெக்சிகோவை விட்டுவிடக் கூடாது.

விண்ணப்பத்தில் எந்த டேக் முதலில், எது அடுத்து என்ற விருப்ப வரிசையை நிரப்பும்போதும் இந்த வித்தியாசம் முக்கியம். கொலராடோவில் எல்லோருடைய முதல் விருப்பத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் இரண்டாவதுக்கு வருவார்கள். புள்ளி செலவாவது முதல் விருப்பத்தில் மட்டும். அதனால் முதல் விருப்பத்தில் 'புள்ளி மட்டும்' என்று போட்டுவிட்டு, யாரும் அதிகம் கேட்காத டேக் ஒன்றை இரண்டாவதில் போட்டால், அது கிடைத்தாலும் புள்ளி அப்படியே ஏறும். முதல் விருப்பத்தில் தீர்ந்துவிடும் யூனிட்டை இரண்டாவதில் எழுதுவது வீண். நெவாடாவிலோ உங்கள் எண் வந்ததும் உங்களுடைய ஐந்து விருப்பத்தையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போவார்கள். அங்கே ஐந்தாவது விருப்பத்துக்கும் உயிர் உண்டு. ஆகவே மனசில்லாத யூனிட்டை இடம் நிரப்புவதற்காக எழுதாதீர்கள். அதுவே விழுந்து, சேர்த்த புள்ளி மொத்தமும் போய்விடும்.

ஒரே ஒரு எழுத்து

கொலராடோ விண்ணப்பத்தில் யூனிட் பெயர் இருக்காது, குறியீடு இருக்கும். உதாரணத்துக்கு இ-இ-061-ஓ1-ஆர். முதல் 'இ' எல்க். இரண்டாவது 'இ' ஆண் பெண் எதுவானாலும். 061 என்பது யூனிட் எண். ஓ1 முதல் பருவம். 'ஆர்' ரைஃபிள். இரண்டாவது எழுத்து 'எஃப்' என்றால் பெண் மட்டும். பருவத்தின் இடத்தில் 'ஓ'வுக்குப் பதில் 'பி' வந்தால் தனியார் நிலத்தில் மட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, புள்ளியே இல்லாமல் நூறு சதவீதம் கிடைக்கும் டேக் ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் விண்ணப்பித்தான், கிடைத்தும் விட்டது. ஜூனில் மேப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் குறியீட்டில் இருந்த 'பி' கண்ணில் பட்டது. அந்த யூனிட்டில் அவனுக்கு ஒரு பண்ணைக்காரரையும் தெரியாது. குறியீட்டை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் அர்த்தத்தை எழுதிச் சரிபார்த்த பிறகு பட்டனை அழுத்துங்கள்.

குழுவாகப் போடுவதிலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. கொலராடோ குழுவில் யாரிடம் குறைந்த புள்ளி இருக்கிறதோ அதுதான் எல்லோருக்கும். வயோமிங்கில் சராசரி எடுப்பார்கள். ஆறு புள்ளிக்காரர், புள்ளியே இல்லாத மச்சானைச் சேர்த்துக்கொண்டால் கொலராடோவில் இருவருக்கும் பூஜ்யம், வயோமிங்கில் மூன்று.

டேக் கிடைத்தும் நிலத்தில் கால் வைக்க முடியாமல் போவது

சுலபமாகக் கிடைக்கும் டேக் ஏன் சுலபமாகக் கிடைக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் நிலம்தான் காரணம். வயோமிங்கில் வைல்டர்னஸ் என்று மத்திய அரசு அறிவித்த காட்டுக்குள் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்குகளை வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கான அனுமதி எடுத்த உள்ளூர்க்காரரோ கூட வர வேண்டும். அங்கே மலை ஏறலாம், மீன் பிடிக்கலாம், தனியாக எல்க் வேட்டை மட்டும் கூடாது. மேப்பில் பச்சையாக விரிந்திருக்கும் யூனிட்டில் பாதி இந்த வகையாக இருந்தால், அந்தப் பச்சை உங்களுக்கு இல்லை.

அதே மாநிலத்தின் தெற்கில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை போடக் கொடுத்த நிலங்களால் ஒரு சதுரம் தனியார், ஒரு சதுரம் அரசு என்று சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். இரண்டு அரசுச் சதுரங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். 2021இல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் எல்க் மவுண்டன் பக்கத்தில் அந்த மூலையில் ஏணி வைத்துத் தாண்டினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை, ஆனாலும் வழக்கு வந்தது. 2025 மார்ச்சில் பத்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன. மொன்டானா, ஐடஹோ, நெவாடா வராது. எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும் என்று நினைத்து மூலை தாண்டாதீர்கள்.

இன்னொன்று பனி. 2022-23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் மியூல் மான்களும் ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்குகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த வருடம் பிறந்த குட்டிகளில் மிஞ்சியவை மிகச் சில. டேக்குகளையும் குறைத்தார்கள். பழைய பெயரை நம்பி அந்தப் பகுதியில் புள்ளியைக் கொட்டியவர்கள் மானில்லாத மலைச்சரிவைப் பார்த்துத் திரும்பினார்கள். அந்தப் பகுதி உயிரியலாளருக்கு ஒரு போன் செய்யுங்கள். எண் துறையின் தளத்திலேயே இருக்கும், பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

தேதி, கார்டு, விசா

வயோமிங் எல்க் விண்ணப்பம் ஜனவரி தொடங்கி பிப்ரவரி ஆரம்பத்தில் முடிந்துவிடும். அரிசோனா எல்க்கும் பிப்ரவரி. நியூ மெக்சிகோ மார்ச். மொன்டானா ஏப்ரல் 1. கொலராடோ ஏப்ரல் முதல் வாரம். ஒரேகான், நெவாடா மே. ஏப்ரலில் விழித்துக்கொண்டால் பாதி மாநிலம் போய்விட்டது. வயோமிங்கில் இரண்டு வருடம் தொடர்ந்து விண்ணப்பிக்காமலும் புள்ளி வாங்காமலும் இருந்தால் சேர்த்தது எல்லாம் அழிந்துவிடும். விண்ணப்பத்தில் கொடுத்த கார்டு குலுக்கல் நேரத்திலும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் எடுக்க முடியாவிட்டால் டேக் அடுத்தவருக்குப் போய்விடலாம்.

வேட்டைக் கல்விச் சான்றிதழும் முன்கூட்டியே வேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம்.

எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். குடியேற்றமில்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. உரிமம் காலாவதியானால் அந்த விதிவிலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியை வாங்கிப் பயிற்சி செய்வதற்கு முன்பே இதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

சுட்ட பிறகு

ஒரு ஆண் எல்க் 700 பவுண்டு. எலும்பு நீக்கினாலும் 200 பவுண்டு இறைச்சி தேறும். ஒரு பின்னங்காலை எலும்போடு முதுகுப் பையில் கட்டி எழுந்து நிற்கும்போது முதலில் தெரிவது முழங்கால். பிறகு தோள்பட்டையில் பட்டை அறுப்பது. பள்ளத்தில் விழுந்த எல்க்கை மூன்று மைல் மேடேற்ற நான்கைந்து நடை ஆகும். செப்டம்பர் வெயிலில் அதற்குள் முதல் நடையில் கொண்டுவந்த இறைச்சி கெட ஆரம்பித்துவிடலாம். ஆகவே டேக் கேட்கும்போதே யார் தூக்கப்போகிறார்கள், எந்த ஊரில் குளிர் அறை இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

அப்புறம் சிடபிள்யூடி. மானினத்தின் மூளையை அரிக்கும் இந்த நோய் முதலில் 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில், ஆராய்ச்சிக்காக வளர்த்த மியூல் மான்களிடம் தென்பட்டது. மூளையும் தண்டுவடமும் உள்ள உடலை எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. எலும்பு நீக்கிய இறைச்சி, கழுவிச் சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கொம்பு, இவைதான் பாதுகாப்பு. நான் தலையைப் பரிசோதனை மையத்தில் கொடுத்து எண்ணை வாங்கிக்கொள்வேன். ஒவ்வொரு பொட்டலத்திலும் அந்த எண்ணை எழுதி வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நோய் இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் முதல் பொட்டலத்தைப் பிரிப்போம்.