கச்சான் காற்றில் 42 கிலோமீட்டர்: தனுஷ்கோடி சாலையில் கோடை மாரத்தான் ஓடுவது எப்படி

ராமேசுவரம் ஊருக்குள் கிளம்பி, தனுஷ்கோடி வழியாக, நிலம் முடியும் அரிச்சல்முனையைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் தூரம் 42 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடும். யாரோ மாரத்தானுக்கென்றே அளந்து போட்ட சாலை மாதிரி. கூடக்குறைய இருந்தால் ஊருக்குள் ஒரு தெருவைச் சேர்த்தோ விட்டோ 42.195க்குச் சரிக்கட்டிக்கொள்ளலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றுபோன பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தப் பக்கம் ஒழுங்கான சாலையே கிடையாது, மணலில் ஜீப்பும் மீன் வண்டியும் உருண்டதுதான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரைக்குமான ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலையை 2017இல்தான் திறந்தார்கள். போகும்போது இடது கைப் பக்கம் பெண் கடல் என்கிற பாக் நீரிணை, வலது கைப் பக்கம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா, நடுவில் நீங்கள்.

இங்கே ஓட நல்ல மாதம் எது என்று கேட்டால் ஜனவரி என்றுதான் சொல்வேன். ஆனால் லீவு கிடைப்பது மே மாதம்தானே. நண்பர்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து, பதக்கம் பேனர் எதுவும் இல்லாமல் ஓடுகிற சின்ன ஓட்டங்களும் பெரும்பாலும் லீவு நாளில்தான் அமைகின்றன. கோடையில் அழகும் உண்டு, பொய் சொல்லக்கூடாது. காலை ஆறு மணிக்குப் பாக் நீரிணைப் பக்கம் கண்ணாடி போட்ட மாதிரி கிடக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் நுரை தள்ளிக்கொண்டிருக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, அதனால் அவை கரையோரம் ஓய்வெடுக்கும், நாட்டுப்படகுகள் மட்டும்தான் கடலில் தெரியும். பூநாரை பார்க்கலாம் என்று மட்டும் வராதீர்கள், அதற்குக் குளிர்காலம்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது, கடற்கரையில் நம்மை வீழ்த்துவது வெயிலைவிடப் புழுக்கம்தான். 2019இல் தோகாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தபோது வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் கடலோரச் சாலையில் வைத்தார்கள். வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை, இத்தனைக்கும் எல்லோரும் உலகத் தரத்து ஓட்டக்காரர்கள். காரணம் சிக்கலானதில்லை. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்ந்தால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுச் சொட்டாகக் கீழே விழும், சூடு உள்ளேயே நிற்கும். அதனால் உங்கள் பனியன் பிழிகிற அளவு நனைந்திருக்கிறது என்பதை வைத்து உடம்பு நன்றாகக் குளிர்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பழக்க பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். ஏசி அறையில் வேலை, விடியற்காலை நாலரைக்கு ஓட்டம் என்று பழகியவர் நேரே அங்கே போய் நின்றால் கஷ்டம்தான். கடைசி மூன்று வாரத்தில், வாரத்துக்கு நாலு நாளாவது சாயங்காலம் நாலரை ஐந்து மணிக்கு, வெயில் இன்னும் மிச்சம் இருக்கும்போது, நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடுங்கள். வேகம் வேண்டாம், வியர்க்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாலைந்து நாள் செத்துப்போகிற மாதிரி இருக்கும், அப்புறம் அதே தூரத்தில் இதயத் துடிப்பு குறைவதைக் கடிகாரத்திலேயே பார்க்கலாம். வாரத்தின் நீண்ட ஓட்டமான லாங் ரன்னை மட்டும் அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள், வீரம் காட்ட வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கை ஆளாளுக்குத் தனியாகப் போட வேண்டும், நண்பர் குடிக்கிறதைப் பார்த்துக் குடித்தால் தப்பாகிவிடும். ஓடப் போகுமுன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, ஈரத்துணியையெல்லாம் கழற்றி, துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு மே மாத மாலையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தது. அத்தனையையும் குடித்து ஈடுகட்ட வயிறு இடம் கொடுக்காது. எனக்கு மணிக்கு 700 மில்லி தாண்டினால் வயிற்றில் குலுங்கும் சத்தமே கேட்கும். தாகம் எடுக்கும்போது குடிப்பது, ஒவ்வொரு முறையும் நாலைந்து வாய், அதுவே போதும்.

வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் ஆபத்து என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போயிருந்தது, ஓடும்போதே எடை கூடியவர்களுக்குத்தான் அது அதிகம். உப்பு வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடி, 20.5 கிராம் பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சிக்கனம் பார்த்து ஒன்றரை லிட்டரில் கலக்கவும் வேண்டாம், வீரியமாக இருக்கட்டும் என்று அரை லிட்டரில் கலக்கவும் வேண்டாம். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்களில் சர்க்கரைதான் தூக்கலாக இருக்கும், பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் ஒரு பாட்டில் ஓஆர்எஸ், ஒரு பாட்டில் தண்ணீர், கடலைமிட்டாய், நாலு பேரீச்சம்பழம், ஒரு துண்டு உப்பு எலுமிச்சை ஊறுகாய் என்று கொண்டுபோவேன். முப்பதாவது கிலோமீட்டரில் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும்போது அந்த ஊறுகாய் தேவாமிர்தம். சாலையோரம் நுங்கும் பதநீரும் கண்ணைப் பறிக்கும், ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நடுவழியில் புதுசாக எதையும் வயிற்றுக்குள் விட்டுப் பார்க்காதீர்கள்.

கிளம்பும் நேரம். அரிச்சல்முனைச் சாலையில் விடியுமுன் ஆட்களை விடுவதில்லை, அதனால் நடத்துகிறவர்கள் காவல் துறையிடம் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கியிருக்க வேண்டும், வாங்கியிருக்கிறார்களா என்று நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் நாலரைக்குக் கிளம்பினால் முகுந்தராயர் சத்திரம் பக்கம் போகும்போது ஆறு மணி ஆகி வெளுத்துவிடும். இருட்டில் ஓடும் அந்த முதல் பகுதிக்குத் தலைவிளக்கும் ஒளிரும் பட்டியும் கட்டாயம், அந்த நேரத்திலேயே மீன் வண்டிகள் பறக்கும். கோதண்டராமர் கோயில் பிரிவு வரைக்கும் அங்கங்கே மரம் உண்டு, அதற்கப்புறம் நிழல் என்ற பேச்சே கிடையாது.

இப்போது காற்று. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பட்டவன் ஆயிற்றே. மே மாதம் அங்கே மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும், மீனவர்கள் கச்சான் என்பார்கள். சாலை தென்கிழக்காகப் போகிறது. அதாவது போகும்போது காற்று வலது பக்கம் பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது இடது பக்கம் முன்னாலிருந்து மோதும். போகும்போது தள்ளுகிற காற்று வேகத்தைக் கூட்டும், ஆனால் நீங்களும் காற்றும் ஒரே பக்கம் போவதால் உடம்பில் காற்றே பட்ட மாதிரி இருக்காது, வியர்வை காயாது, சூடு ஏறிக்கொண்டே போகும். கால் சுகமாக இருப்பதால் அது தெரியாது. முதல் தடவை நான் அப்படித்தான் ஏமாந்தேன். விடியல் வெளிச்சம், இரண்டு பக்கமும் கடல், இடிந்த தேவாலயம் கடந்துபோகிறது, கடிகாரம் என் பழைய சாதனையைவிட வேகம் என்று காட்டுகிறது, ஆகா இன்றைக்கு நம்ம நாள் என்று முனையில் அசோகத் தூணைச் சுற்றித் திரும்பினேன். திரும்பிய கணத்தில் முகத்தில் மணல். சன்னமான மணல், பல்லுக்கிடையில் நறநறவென்று. மூன்று கிலோமீட்டர் போவதற்குள் நடக்கத் தொடங்கி, ஐந்தாவது கிலோமீட்டரில் பழைய தனுஷ்கோடிக் கடைகள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே மீன் வறுக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றிவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். “ஏன் தம்பி, யாரு உன்னைய விரட்டுனா?” அந்தத் தண்ணீர் கடலுக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டி ஊறவைத்து எடுத்த ஊற்றுத் தண்ணீர், உப்புக் கரிக்கவே இல்லை. அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஆகவே வேகக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நாலு மணி நேரத்தில் முடிப்பவர் என்றால் நாலே முக்காலை மனதில் வைத்துக் கிளம்புங்கள், ஐந்து ஆனாலும் அவமானம் இல்லை. போகும் பாதியில் கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள், பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று. முடியவில்லை என்றால் எட்டாவது கிலோமீட்டரோ பதினெட்டாவதோ, குறைத்துவிடுங்கள். ஒன்பது நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, சாலை மேடுபள்ளமே இல்லாமல் சமமாக இருப்பதால் ஒரே தசைகள்தான் மூன்று நாலு மணி நேரம் உழைக்கின்றன, நடைதான் அவற்றுக்கு ஓய்வு. திரும்பும்போது நாலைந்து பேர் சாய்வாக வரிசை கட்டி மாறி மாறி முன்னால் போனால் காற்றின் பாரம் பாதி குறையும். ஏழரைக்கு மேல் சுற்றுலா வேன்கள் வரத் தொடங்கும், அப்புறம் ஒற்றை வரிசைதான்.

வெயில் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. திரும்பும்போது சூரியன் வலது பக்கம் பின்னால் இருக்கும். வலது கழுத்து, வலது காதின் பின்புறம், வலது கெண்டைக்கால், இந்த மூன்று இடத்தையும் மறந்துவிட்டு முகத்துக்கு மட்டும் சன்ஸ்க்ரீன் பூசுகிறவர்கள் மறுநாள் ஒரு பக்கம் மட்டும் சுட்ட அப்பளமாக இருப்பார்கள். கழுத்துவரை துணி தொங்கும் தொப்பி, வெளிர் நிறச் சட்டை, பருத்தி வேண்டாம். தொடை இடுக்கு, அக்குள், மார்புக் காம்பு எல்லாவற்றுக்கும் வாஸ்லின் தாராளமாக. இன்னொரு ஜோடி காலுறையைப் பொட்டலம் கட்டித் திரும்பும் இடத்தில் கொடுத்து வையுங்கள், மணல் புகுந்த காலுறையோடு இன்னொரு 21 கிலோமீட்டர் என்பது கொப்புளத்துக்கு நாமே கொடுக்கும் அழைப்பு.

சின்ன ஓட்டம் என்பதால் நடத்துகிறவர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். தண்ணீர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு இடம், கடைசி ஆள் வரும்வரை இருக்குமா, ஐஸ் உண்டா, பின்னால் வண்டி வருமா. நான் போன ஒரு ஓட்டத்தில் கடைசி இரண்டு தண்ணீர் மேசைகளில் காலி கேன்தான் இருந்தது, முன்னால் போனவர்கள் தலையில் ஊற்றியே தீர்த்துவிட்டிருந்தார்கள். ஐஸ் கிடைத்தால் கைக்குட்டையில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள், இதமாக இருக்கும்.

ஒருவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கோபப்பட்டால், அவரை ஓடவிடாதீர்கள். வெயில் தாக்கியவருக்கு வியர்வை நின்றுவிடும் என்று படித்திருப்போம், ஓடி வருபவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் உள்ளே 40 டிகிரி தாண்டியிருக்கலாம். 108ஐக் கூப்பிட்டுவிட்டு அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள், பெரிய ஆஸ்பத்திரி என்றால் ராமநாதபுரம், 50 கிலோமீட்டருக்கு மேல். வேனின் நிழலில் படுக்கவைத்து, இருக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் உடம்பு முழுக்க ஊற்றி, அட்டையால் விசிறி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் தூக்கிப்போவது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முனைப் பக்கம் கடலில் இறக்குகிறேன் என்று கிளம்பவும் வேண்டாம், அங்கே நீரோட்டம் பொல்லாதது.

முடித்த பிறகு உடனே உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள், நீர்மோரில் உப்புப் போட்டு இரண்டு டம்ளர், அரை மணி கழித்துச் சாப்பாடு. சிறுநீர் கழிக்கத் தோன்றாமல் மத்தியானம் ஆகிவிட்டாலோ, தேநீர் நிறத்தில் போனாலோ மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட ஆசை வரும். போங்கள், ஆனால் அதற்கு முன்னால் லாட்ஜ் குளியலறையில் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றி எங்கெங்கே உராய்ந்து தோல் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். நான் பார்க்காமல் இறங்கி, திதி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.