சோடியப் படலத்தைத் தேடும் இரவு

வானில் 80 முதல் 105 கிலோமீட்டர் உயரத்தில், எரிகற்கள் ஆவியாகி விட்டுச்சென்ற சோடியம் மெல்லிய படலமாக நிற்கிறது. அடர்த்தி மிகுந்த இடத்திலும் கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் அணுக்கள்தான். 589 நானோமீட்டர் மஞ்சள் லேசரை மேலே செலுத்தினால் அவை அதை விழுங்கி உடனே உமிழும். 1969இல் இங்கிலாந்தில் இப்படித்தான் முதன்முதலாக அளந்தார்கள்.

சாயலேசரை, அதாவது சாயக் கரைசலிலிருந்து ஒளி உண்டாக்கும் லேசரை, மாலையிலேயே ஓடவிடுங்கள். சூடு நிலைப்படாமல் அலைநீளமும் நிலைப்படாது. பிறகு ஒளிக்கற்றையில் சிறு பங்கைச் சோடிய ஆவிக் குப்பியின் வழியே விடுங்கள். குப்பிக்குள் மஞ்சள் கோடு பளிச்சென்று எரியும்வரை லேசரின் அலைநீளத் திருகைத் தொட்டுத் தொட்டு நகர்த்த வேண்டும். அவசரப்படாதீர்கள். என் முதல் குளிர்காலத்தில் அலைநீள அளவியின் எண்ணை நம்பிக் குப்பியைப் பார்க்காமல் விட்டேன். 40 கிலோமீட்டர் வரை சமிக்ஞை அழகாக வந்தது; 90இல் ஒன்றுமே இல்லை. ஒரு நானோமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு விலகியிருந்தது என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் அரை மணிக்கொரு முறை எழுந்துபோய்க் குப்பியைப் பார்க்கிறேன்.

வானில் விமானம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கற்றையைத் திறக்கவும். தாழ்வான காற்றிலிருந்து வரும் வலுவான ஒளி, திரும்பிவரும் ஒளியை உணரும் ஒளிப்பெருக்கிக் குழாயைத் திணறடித்துவிடும்; அந்த முதல் நுண்கணங்களில் குழாய் மூடியிருக்கட்டும். 90 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு 600 மைக்ரோவினாடி ஆகும். ஒவ்வொரு மைக்ரோவினாடியில் வரும் ஃபோட்டான்களையும் தனித்தனியாக எண்ணினால் 150 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். ஒரு லேசர் துடிப்பை வைத்து எதையும் சொல்ல முடியாது. நொடிக்கு 20 துடிப்பு என்றால் இரண்டு நிமிடத்தில் 2400. அவற்றைக் கூட்டிப் பாருங்கள், படலம் மேடாக எழும்.

கணக்கு எளிது. படலத்துக்கு மேலிருந்து வரும் எண்ணிக்கையைப் பின்னணி ஒளியாகக் கழித்து, மிச்சத்தை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். காற்றின் அடர்த்தி நமக்குத் தெரிந்த 35 கிலோமீட்டர் அளவில் வரும் ராலே சிதறலோடு (காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளியோடு) அதை ஒப்பிட்டு, சோடியத்தின் ஒளிச்சிதறல் திறனைக் கொண்டு அணு எண்ணிக்கைக்கு மாற்றுங்கள். ஒப்பீட்டை 30க்குக் கீழே இறக்காதீர்கள். அங்கே தூசுப்படலம் கணக்கைக் கெடுக்கும். லேசர் கோட்டின் அகலத்தைச் சேர்க்க மறந்தால் விடை குறைவாகவே வரும்.

சில இரவுகளில் 95 கிலோமீட்டர் அருகே ஓரிரு கிலோமீட்டர் தடிமனில் ஊசிபோல ஒரு முனை திடீரென எழும். இரைச்சல் என்று அழித்துவிடாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு நிமிடப் பதிவுகளிலும் அது நின்றால், அது திடீர்ப் படலம். அன்று விடியும்வரை இயந்திரத்தை அணைக்க எனக்கு மனம் வராது.