நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயின் புதிய இசை நாடகம் நிலைக்குமா என்று கணக்கிடுவது எப்படி?

முதலில் முதலீட்டையும் வாரச் செலவையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். கைதட்டலை நம்பி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே. அரங்க அமைப்பு, உடை, ஒத்திகை ஆகியவை ஒருமுறைச் செலவுகள். நடிகர், இசைக்குழு, மேடைத் தொழிலாளர் ஆகியோரின் ஊதியமும் அரங்க வாடகையும் விளம்பரமும் இருக்கைகள் காலியாக இருந்தாலும் வாரந்தோறும் வந்து நிற்பவை.

அடுத்து வசூலின் உச்ச வரம்பைக் காணுங்கள். வாரத்துக்கு வழக்கமாக 8 காட்சிகள். எடுத்துக்காட்டாக, 1,000 இருக்கைகளும் சராசரியாக 100 டாலர் டிக்கெட்டும் என்றால், ஒரு நாற்காலிகூடக் காலியில்லாத வாரத்திலும் 8 லட்சம் டாலர்தான் வரும். வாரச் செலவு 7 லட்சமானால், 2 கோடி டாலர் முதலீட்டை மீட்க 200 வாரங்கள், அதாவது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், தொடர்ந்து அரங்கு நிறைய வேண்டும். சுமார் 7.5 கோடி டாலரில் உருவான ஸ்பைடர்மேன் இசை நாடகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியும் முதலீட்டை மீட்காமலே 2014 ஜனவரியில் நிறைவுற்றது.

பிறகு, வாரந்தோறும் வெளியாகும் வசூல் பட்டியலில் சராசரி டிக்கெட் விலையைக் கவனியுங்கள். தள்ளுபடியால் நிரம்பிய அரங்கு ஏமாற்றும். கையிருப்பு நிதியையும் விசாரியுங்கள். அறிமுகமற்ற கதைக்கு வாய்மொழிப் பாராட்டு பரவச் சில வாரங்கள் தேவை. ஆனால் வசூல் குறித்த அளவுக்குக் கீழிறங்கினால் அரங்க உரிமையாளர் வெளியேறச் சொல்ல ஒப்பந்தமே இடமளிப்பதுண்டு.